கூடப் பிறந்தவர்களிடம் சொல்லவேண்டியது

ராஜபாய்க்கு முதலில் திரும்பி வந்தது காதுதான். "முடிஞ்சுது, மயக்க கேஸை நிறுத்திக்கோ" என்று ஒரு பெண்குரல் சொன்னது. எவர்சில்வர் தட்டில் கத்திரிகள் விழுந்தன. அறுவை முடிந்துவிட்டது என்று புரிந்து கண்ணைத் திறக்கப் பார்த்தாள். இமை அசையவில்லை. விரலை அசைக்கப் பார்த்தாள். அதுவும் சொன்னபடி கேட்கவில்லை. மூச்சைக்கூட இயந்திரம்தான் அவளுக்காக விட்டுக்கொண்டிருந்தது. நான் முழித்துவிட்டேன், முழித்துவிட்டேன் என்று உள்ளுக்குள்ளேயே கத்தினாள்.

"இவங்க ஏன் இன்னும் தானா மூச்சு எடுக்கல?" என்றது அதே குரல். சற்றுப் பொறுத்து அது அவள் காதருகே வந்தது. "சேச்சி, நான் பேசறது கேட்டா பயப்பட வேண்டாம். நான் இங்கயேதான் இருக்கேன். உங்களை மறுபடி உறங்க வைக்கப் போறேன்."

அன்று மாலைதான் அவள் கை கால்கள் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன.

மறுநாள் காலை அந்தக் குரலுக்குரியவர் கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மயக்க மருந்து மருத்துவர் ரெம்யா.

"குடல்வால் ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. குழப்பம் வந்தது எங்க மருந்துல. தொண்டையில டியூப் போடறதுக்கு முன்னால தசையெல்லாம் தளர ஒரு ஊசி போடுவோம். எல்லார் ரத்தத்திலயும் ஒரு என்சைம் இருக்கு. அது அந்த மருந்தைச் சில நிமிஷத்துல உடைச்சுரும். உங்க என்சைம் அந்த வேலையைச் செய்யல. அதான் உடம்பு எழும்ப இவ்வளவு நேரமாச்சு."

"இது ஏதாவது சீக்கா டாக்டர்?"

"சீக்கே இல்ல. அந்த மருந்து உடம்புல ஏறலைன்னா இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. பிறவியிலேயே உள்ளது. அப்பாகிட்டருந்து ஒரு பங்கு, அம்மாகிட்டருந்து ஒரு பங்கு." ரெம்யா கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "சேச்சி செட்டியாரா?"

"இல்லியே, நாங்க சி.எஸ்.ஐ. கிறிஸ்தவங்க. எதுக்குக் கேக்கீங்க?"

"யாருக்கு வேணாலும் இருக்கலாம். ஆரிய வைசியச் செட்டியார் குடும்பங்கள்ல கொஞ்சம் கூடுதலாக் காணும், அதான் கேட்டேன். அது போகட்டும். கூடப் பிறந்தவங்ககிட்ட நீங்க கட்டாயம் சொல்லணும். அவங்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு. முன்கூட்டியே தெரிஞ்சா வேற மருந்து கொடுப்பாங்க, ஒரு பிரச்சினையும் வராது. தெரியாம வசதியில்லாத எடத்துல மாட்டிக்கிட்டாதான் ஆபத்து."

ராஜபாய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கூடப் பிறந்தவங்க யாரு, எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது டாக்டர். என்னை எடுத்து வளத்ததாக்கும்" என்றாள்.

அவளுக்கு நாற்பது வயது. அரசுப் பேருந்தில் நடத்துநர். கைக்குழந்தையாக இருந்தபோது வேதமாணிக்கமும் தாசம்மாளும் நகரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளை எடுத்துவந்தார்கள். விவரம் தெரிந்த வயதில் அவர்களே அதைச் சொல்லியும் விட்டார்கள். ஒரு குறையும் வைக்காமல் வளர்த்தார்கள். வேதமாணிக்கம் இறந்த பின் பாறசாலை வீட்டில் அம்மாவும் மகளும்தான். அந்த இல்லம் எப்போதோ மூடப்பட்டு, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. பெற்றவளைப் பற்றி ராஜபாய் யோசிக்காமல் இல்லை. ஆனால் முகமோ தெருவோ பெயரோ இல்லாத ஒருத்தியை எவ்வளவு நேரம் யோசிப்பது?

இப்போது முதல்முறையாகப் பெற்றவர்களிடமிருந்து ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அவள் ரத்தத்திலேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது. அதோடு டாக்டர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை, கூடப் பிறந்தவங்க. தனக்கு அக்காவோ தம்பியோ இருக்கக்கூடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கோ ஓர் ஊரில் தன் ஜாடையில் ஒருத்தி அறுவை மேஜையில் கிடக்கிறாள், காது கேட்கிறது, கண் திறக்க முடியவில்லை. அவளிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நினைப்பு வந்த பிறகு ராஜபாயால் மற்ற எதிலும் மனதைச் செலுத்த முடியவில்லை. டிக்கெட் கொடுக்கும்போதுகூட நீட்டிய கைகளை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெற்றவர்கள் செட்டியார்களாக இருக்கலாமோ என்று தோன்றியதால், டூட்டி முடிந்தால் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்திலிருந்து நடந்து ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போவாள். அங்கே மஹேஷ் என்ற செட்டியாரின் மொத்தக் கடை. மிளகாய் மூட்டைக்கும் வெல்லத்துக்கும் நடுவே நின்று, சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வராமல், பெருங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

தாசம்மாள் ஒருநாள் அடுக்களை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "மோளே, நாம ரெண்டு பேரு சாம்பாரு வச்சுக் குடிக்க இம்புட்டு காயமா?"

ராஜபாய் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் மனம் நோகுமே என்று சொல்லும்போதே அழுகை வந்தது.

தாசம்மாள் அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "ஒன்னப் பெத்தவள ஒருக்கா பாக்கணும்னு எனக்கும்தான் ஆச, கேட்டியா. பாத்தா அவ கையப் பிடிச்சு ரெண்டு வார்த்த சொல்லணும்னு எத்தன காலமா நெனச்சிருக்கேன். நாளைக்கு நானும் வாறேன்" என்றாள்.

மறுநாள் மஹேஷ், "சேச்சிக்கு இன்னைக்கும் காயம்தானே?" என்று எழுந்தார்.

"காயம் வேண்டாம் பிள்ளே. எனக்க மோளு ஒரு காரியம் சொல்லுவா. இருந்து கேளு" என்றாள் தாசம்மாள்.

மஹேஷ் கேட்டார். முதலில் சிரிப்போடு கேட்டவர், இமை அசையாத இடம் வந்ததும் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "எங்க அப்பாவோட தங்கச்சி ஆப்பரேஷனுக்குப் போயி எழும்பவே இல்ல. டாக்டர் பிழைன்னு இன்னைக்கும் வீட்டுல சொல்லுவாங்க. இதுவா இருந்திருக்குமோ?"

"தெரியாதுங்க. உங்க ஆளுங்ககிட்ட நான் சொல்லலாமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் சமுதாய மண்டபத்தில் பூஜை முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது ராஜபாய் எழுந்து நின்று பேசினாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள், ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், அவ்வளவுதான் சொன்னாள். பேசி முடித்தும் உடனே உட்கார மனமில்லாமல், வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள்.

ரெம்யாவே வந்து பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். ராஜபாயுடையதைப் போலவே இருவருக்கு முடிவு வந்தது. ஒருவர் வயதான கடைக்காரர். இன்னொருத்தி மதுரையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்ட வாசவி, நிறைமாதக் கர்ப்பிணி. குழந்தை குறுக்கே கிடந்ததால் சிசேரியன் என்று முடிவாகியிருந்தது. முதுகு ஊசி ஒத்துக்கொள்ளாமல் முழு மயக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். வாசவி நேரத்துக்கு எழுந்து, "பையனா பொண்ணா?" என்று கேட்டாளாம்.

ராஜபாய் பார்க்கப் போனாள். தூங்கும் குழந்தையை வாசவி அவள் மடியில் வைத்தாள். வாசவியின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. ராஜபாய் தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே வளைவு. கேட்கலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே வாசவி சொன்னாள், "சொந்தமான்னு பாக்கவும் டெஸ்ட் இருக்காமே அக்கா. எடுத்துப் பாத்துருவோம். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

எடுத்தார்கள். சொந்தம் இல்லை.

"இந்த ஒரே மரபணு மாற்றம் ஆயிரக்கணக்கான குடும்பத்துல இருக்கும் சேச்சி. அதை வச்சு ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது" என்றார் ரெம்யா, தானே ஏதோ தப்பு செய்துவிட்ட குரலில். ராஜபாய் தலையை ஆட்டினாள். பாறசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெய்யாற்றின்கரை வரை அழுதுகொண்டே போனாள். பக்கத்தில் தாசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. வாசவி தன் மதுரைச் சொந்தங்களிடம் சொல்ல, அவர்கள் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்களிடம் சொன்னார்கள். ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் ராஜபாயின் நம்பரை வாங்கிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டாக்டரிடம் கேட்பதைவிட, அப்படிக் கிடந்து எழுந்தவளிடம் கேட்பது அவர்களுக்குத் தைரியமாக இருந்தது.

ஒரு மத்தியானம், பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, சேலத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். கர்ப்பப்பை அறுவை, பயமாக இருக்கிறது என்றாள். ராஜபாய் டெப்போ மரத்தடியில் நின்று பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பரிசோதனை, யாரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம்.

"ரொம்ப நன்றிங்க அக்கா. வெச்சிடட்டுங்களா?"

"ஒரு நிமிஷம்" என்றாள் ராஜபாய். எல்லோரிடமும் கடைசியில் கேட்பதை அவளிடமும் கேட்டாள். "உங்க அம்மாவுக்கு நீங்க எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பேருங்க. நானும் தம்பியும். ஏனுங்க கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள் ராஜபாய். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். போனை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.