ஏழு மணிக்கு விழும் சுவிட்ச்

எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புதிதாக வந்த கிரைண்டர் மாலையானால் தானாக நின்றுபோனது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இடையில் ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்தேன். அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது.

கடை, சாலை என்று பேர் கொண்ட பஜாரில், பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் இருக்கிறது. நான் சொல்வது தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கதை. முன்பக்கம் நான் உட்கார்ந்து சாமி படங்களுக்குச் சட்டம் போடுவேன், வருகிறவர்களிடம் வாயடிப்பேன். பின்பக்கம் தாசையன் கண்ணாடி வெட்டுவார். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கிரைண்டரில் சுற்றும் கல்லில், தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடித்து மழுக்கினால்தான் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை அனுப்பலாம். தாசையன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினான்கு வருஷத்தில் ஒரு மூலையைக்கூடச் சிதறவிட்டதில்லை. நான் தொட்டதில் பாதி சிதறியிருக்கிறது. முதலாளி நான்தான்.

பழைய கிரைண்டருக்கு வீட்டில் லைட் போடுகிற சுவிட்சைத்தான் வைத்திருந்தோம். புதியதற்குத் தனியாக ஒரு பெட்டி. பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். வந்த மூன்றாம் நாள் மாலை, 'டக்' என்று ஒரு சத்தம். கல் மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

“மொதலாளி, இது தானா நிண்ணு போச்சு.”

“தானா எப்பிடி அண்ணே நிக்கும்? கை பட்டிருக்கும்.”

“படல்ல.”

தாசையன் பச்சையை அமுக்கினார். விரலை எடுத்ததும் மறுபடி 'டக்'. முக்கால் மணி நேரம் கழித்து நான் போய் அமுக்கினால், ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

நான் ஐ.டி.ஐ.யில் முதல் வருஷம் படித்து இரண்டாம் வருஷம் போகாதவன். ஆக, அரை எலக்ட்ரீசியன். முழு எலக்ட்ரீசியனுக்கு இருக்கிற பயம் அரை எலக்ட்ரீசியனுக்குக் கிடையாது. மறுநாள் காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடித் தூளும் தண்ணீரும் சேர்ந்தால் சாம்பல் நிறச் சேறாகும். அது உள்ளே இறங்கியிருக்கும் என்று பிரஷ் போட்டுத் துடைத்தேன். செம்பு முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். ஜம்மென்று ஓடியது. மாலையில் நின்றது. பெட்டிக்குப் பாலிதீன் உறை கட்டினேன். காலையில் ஓடி, மாலையில் நின்றது. பிளக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஓர் எலுமிச்சம்பழமும் கட்டினேன்.

காலையில் நான் நின்றால் ஓடுகிறது, மாலையில் தாசையன் நின்றால் நிற்கிறது. இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர ஐ.டி.ஐ.கூடத் தேவையில்லை என்று நினைத்தேன்.

தாசையன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். “பொழுதடைஞ்சா இதுக்கு ஒரு தளர்ச்ச வருது மொதலாளி. காலம்பற நல்லா இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை வீணாக்காமல் எதிர் டீக்கடைக்குக் கொண்டுபோனேன்.

“ஏழு மணி ஆனா எங்க கடையில ரெண்டு பேருக்குத் தளர்ச்ச. ஒண்ணு மெஷினுக்கு, இன்னொண்ணு தாசையனுக்கு.”

சுமட்டுக்காரர் தங்கையனுக்குச் சாயா மூக்கில் ஏறிவிட்டது. மூட்டை சுமக்கிற மனிதர், லேசில் சிரிக்காதவர். அவரையே சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

மறுநாள் முதல் தாசையன் சந்து முழுக்க 'ஏழுமணி' ஆகிவிட்டார். “ஏழுமணியண்ணே, இண்ணைக்கு டூட்டி முடிஞ்சா?” என்று ஜவுளிக்கடைப் பையன்கள் கேட்டார்கள். அவர் பாட்டுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். நானும் அவர் கவலைப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் அலமாரிக் கண்ணாடிக்கு அளவு கொண்டுவந்த ஓர் அம்மாள், தாசையன் காதுபடவே என்னிடம் சொன்னாள். “அந்த ஏழுமணிகிட்ட குடுக்காண்டாம் கேட்டேளா. பாதியில போட்டுட்டுப் போயிருவாராம்.”

தாசையன் கையிலிருந்த வேலையை முடித்தார். கையைக் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“ஒண்ணாந் தேதியிலேருந்து நான் வரல்ல மொதலாளி. கழக்கூட்டம் ஊருல புதுக் கட்டடத்துக்குக் கண்ணாடி வைக்க ஆளு கேக்குதாவ.”

“இதுக்காண்ணே? நான் தமாசுக்குச் சொன்னதாக்கும்.”

“உங்களுக்குத் தமாசு. எனக்கு அது பேராயிப்போச்சு. பதினாலு வருசத்துல ஒரு வேலைய பாதியில போட்டிருக்கேனா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “கோவப்படாதீங்கண்ணே” என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் மாலை கல்லின் முன்னால் நானே நின்றேன். ஒரு சலூன் கண்ணாடியின் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. வெளியே ஜவுளிக்கடைகள் ஒவ்வொன்றாக வரிசை விளக்குகளைப் போட்டன. என் பல்பு மஞ்சளாகி, பிறகு பழுத்த பப்பாளி நிறத்துக்கு இறங்கியது. சுவிட்ச் பெட்டி உறுமியது. 'டக்'.

என் கை சிவப்புப் பொத்தானுக்கு இரண்டடி தள்ளி இருந்தது. குறை சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை துடைக்கவில்லை, வெறுமனே பார்த்தேன். உள்ளே மெல்லிய கம்பியில் ஒரு சுருள். கரண்ட் வந்தால் அது ஓர் இரும்புத் துண்டை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் மெஷின் ஓடுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங். வோல்டேஜ் குறைந்தால் சுருளின் பிடி தளர்ந்து ஸ்பிரிங் ஜெயித்துவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், மோட்டார் கருகாமல் இருக்க. கரண்ட் போய்த் திடீரென்று வரும்போது கல் தானாகச் சுற்றி யாருடைய விரலையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

சுவிட்சில் ஒரு பழுதும் இல்லை. என் கடையில் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரைத்தான் நான் குறை சொல்லியிருந்தேன். சாலை பஜாரில் மாலையானால் வோல்டேஜ் இறங்கிப் பல்பு மங்குவது கொசு வருவதைப் போல. யாரும் அதை ஒரு சேதியாகச் சொல்வதில்லை. தாசையன் மட்டும்தான் சொன்னார்.

காலையில் மணக்காட்டில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி கேட்டார்.

“மெஷினு நல்லதாக்கும்ணு எனக்கு அறியலாம். எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க.”

டீக்கடையில் போய்ச் சொன்னேன். முதல் வரியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பிரிங் வந்தபோது ஒருவர் பெஞ்சைத் தட்டினார்.

“ஓய் அண்ணாச்சி, இது முந்தினத விட கொள்ளாம், நல்ல தமாசு!”

பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் தமாஷாகச் சொல்லி வளர்த்த வாய், உண்மைக்கு உதவவில்லை. கடைசியில், சாயங்காலம் வந்து கண்ணால் பாருங்கள் என்று கூப்பிட்டேன்.

ஐந்து பேர் வந்தார்கள். தாசையனும் வந்து, படி ஏறாமல் வாசலிலேயே நின்றார். நான் கிரைண்டரை ஓடவிட்டேன். அன்றைக்குப் பார்த்து பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது. ஏழு மணி ஆனது, ஏழே கால் ஆனது. கல் நிற்கவே இல்லை.

“மெஷினுக்கு அண்ணாச்சிய கண்டா பயமாக்கும்” என்றார் தங்கையன். “ஏழுமணியண்ணன நிப்பாட்டிப் பாருங்க.” சிரித்துக்கொண்டே எல்லாரும் இறங்கிப்போனார்கள். இருந்ததைவிட மோசமாக்கிவிட்டேன்.

“நாளைக்கும் கூப்பிடணும்” என்றார் தாசையன்.

“வருவாங்களாண்ணே?”

“வராட்டா மறுநாளும் கூப்பிடணும்.”

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள், பல்பு அசையவில்லை. மூன்றாம் நாள் தங்கையன் மட்டும், அதுவும் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்தால் வருகிறேன் என்ற பேரத்தோடு வந்தார். நான் கண்ணாடி பிடிக்கிற அழகை அதற்குமேல் பார்க்கப் பொறுக்காமல், தாசையன் படியேறி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பல்பு சிவந்தது. பெட்டி உறுமியது. தாசையன் கண்ணாடியை மேசையில் சாய்த்து, ஈரக் கைகள் இரண்டையும் தோளுக்கு மேல் தூக்கினார். 'டக்'.

தங்கையன் பல்பைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டுக் கிரைண்டரைச் சுற்றி வந்து, எங்காவது கயிறு கட்டியிருக்கிறேனா என்று குனிந்து தேடினார்.

“நீரு தொடல்லியே?” என்று தாசையனிடம் கேட்டார்.

“இல்ல.”

“கரண்டாக்குமா?”

“அதத்தான ஓய் மூணு நாளா சொல்லுதேன்” என்றேன் நான். தங்கையன் என் பக்கம் திரும்பவே இல்லை. தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“நான் ரொம்பச் சிரிச்சுப்போட்டேன் அண்ணே” என்றார். தாசையன் தலையை மட்டும் ஆட்டினார்.

தங்கையன் நேரே டீக்கடைக்குத்தான் போனார். அங்கிருந்து அவர் குரல் கேட்டது. சிரிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தமாஷ் சொல்லத் தெரியாதவர், அதனால் நம்புவார்கள். போய் ஒரு வரி சேர்க்கலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்ல வரிதான். விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன்.

“அப்ப, கழக்கூட்டம்?” என்று கேட்டேன்.

தாசையன் பாதி மழுக்கிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது முடியட்டு” என்றார்.

சிவந்த பல்பு மறுபடி வெளுப்பதற்காக இரண்டு பேரும் காத்திருந்தோம்.