சோப்புப் பாட்டிலில் ஒரு கோடு

"கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்களா?" என் கல்லூரி ப்ராஜெக்ட்டின் முதல் கேள்வி இது. அக்காவின் அலுவலகத்தில் முப்பது பெண்களிடம் படிவம் கொடுத்தேன். முப்பது பேரும் 'எப்போதும்' என்று டிக் அடித்திருந்தார்கள். அக்காவும்தான்.

வழிகாட்டி மேடம் படிவங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் உத்தமிங்கதான் போல. கேக்காம தெரிஞ்சுக்க வழி இருக்கான்னு பாரு" என்றார்.

திங்கட்கிழமை காலை அந்த அலுவலகப் பெண்கள் கழிப்பறைக்குப் போய், எலுமிச்சை வாசனை சோப்புப் பாட்டிலில் சோப்பு நின்ற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். வியாழன் மாலை பார்த்தபோது சோப்பு ஒரு நூல்கூட இறங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"இதையா எழுதப்போற? எங்க ஆபீஸ் மானம் என்ன ஆகறது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை போனால் பாட்டில் காலி.

"நான்தான் கொட்டினேன். இப்ப அதுக்கு என்னங்கற?" வீட்டில் சண்டைக்கு நின்றாள். ஒரு வார உழைப்பு பாழ். ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். எலுமிச்சை வாசனை அடித்தது.

அந்த வாரம் முழுக்க அந்த அலுவலகத்தில் சோப்பு பட்ட ஒரே கை அதுதான்.