மாயாண்டியின் மண்டைப் படம்

மலேசியாவில் மெர்லிமாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். பிள்ளைகளைப் பதினெட்டு வருடமாகத் தமிழ்ப்பள்ளிக்கு வேனில் ஏற்றிப்போனவர் மாயாண்டி. மனைவி போய்ச் சேர்ந்தபின் அந்த வேனும் அதற்குள் கத்தும் பிள்ளைகளும்தான் அவருக்கு எல்லாமே.

தொண்ணூற்றாறாம் வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மலாக்கா ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மனிதர் பூரிப்போடு திரும்பி, மறுநாள் காலை அந்தக் கறுப்புப் படத்தை வேன் கண்ணாடியில் வைத்து, பிள்ளைகளை ஏற்றிவிட வந்த எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"பாருங்கம்மா, அடி ஒண்ணும் இல்லையாம். மூளை கொஞ்சம் சுருங்கியிருக்காம், நடுவுல குழி பெருசாகியிருக்காம். அறுபத்தாறு வயசுல எல்லாருக்கும் அப்படித்தானாம், நோய் இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு லா!"

அவர் சொன்னதில் எங்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. மூளை சுருங்கிவிட்டது.

"மாமா, எம்மவ பேரு என்ன?" என்று ஷாந்தினியின் அம்மா பாக்கியலட்சுமி கேட்டாள்.

அவர் எப்போதுமே பெயர்களைக் குழப்புவார். ஷாந்தினியை மலர்க்கொடி என்பார், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். நேற்றுவரை அதற்குச் சிரித்தவர்கள்தான் நாங்கள். எட்டுப் பேர் முறைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பெயர் வரும்?

"வருதும்மா... கொஞ்சம் பொறு..."

"ஷாந்தினி, தாத்தா!" என்று வேனுக்குள்ளிருந்து பிள்ளையே எடுத்துக்கொடுத்தது. பாக்கியலட்சுமி அவளைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று எங்களுக்கு அந்தப் படம் முழுக்கப் பேயாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை மாயாண்டி வழக்கம்போல் வந்து ஹாரன் அடித்தார். ஒரு பிள்ளையும் ஏறவில்லை. எல்லாரும் இன்னொரு வேன்காரரான சுப்பனின் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மகளைத் தூக்கி உள்ளே விட்டது நான்தான், பாவி.

மாயாண்டி இறங்கி என்னிடம் வந்தார்.

"கமலவேணி, பதினெட்டு வருஷத்துல ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டிருக்காம்மா?"

"இல்ல மாமா."

"சுப்பன் என்னைவிட அஞ்சு வயசு மூத்தவன்மா. அவனுக்கும் சுருங்கித்தானே இருக்கும்?"

"இருக்கலாம் மாமா. அவரு படம் புடிச்சுக் காட்டலையே," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.