பக்க எண் இல்லாத நாவல்

இசக்கிச்செல்வி ஒரு நாவலைத் திட்டினால் அது பத்து நாளைக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்காது என்று கோவில்பட்டி வாசகர் வட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் தெருவில் எம்.ஏ. படித்த முதல் ஆள் அவள்தான். நூலகத்தில் இருந்த வங்காள, கன்னட, மலையாள மொழிபெயர்ப்புகளை ஒன்று விடாமல் வாசித்துவிட்டு, ஒரு சிறுபத்திரிகைக்குக் கடிதம் எழுதிப்போட்டாள். ‘இந்தியா முழுக்க நாவலாசிரியர்கள் ஏழைப் பெண்ணை அழவைத்தே விருது வாங்குகிறார்கள். ஒருத்தியையாவது கோபப்பட விடுங்களய்யா.’ அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் வாசகர் வட்டம் அவளை மேடைக்குக் கூப்பிட்டது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனநாதன் ‘கந்தகத்தில் நனைந்த மல்லிகை’ என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விமர்சனக் கூட்டம். வியாழக்கிழமை புத்தகம் செல்வி கைக்கு வந்தது.

கொஞ்ச தூரம் போவதற்குள் கதாநாயகி செவ்வந்தியைப் பாம்பு கடித்துவிட்டது. ‘வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். உயிர் இல்லை. தலையை அசைத்துவிட்டு’ என்று ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் ‘மூன்றாவது முடிச்சையும் போட்டார், கெட்டிமேளம் முழங்கியது’ என்று தொடங்கியது. அதற்கப்புறம் செவ்வந்தி இரண்டு பிள்ளை பெற்றாள், சடங்கானாள், பிறகு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

பக்க எண்ணைப் பார்க்கலாம் என்று தேடினால் எண்ணே இல்லை. செல்விக்குச் சந்தேகம் தட்டியது. அவளுடைய அம்மா மாரித்தாய் உக்கிரபாண்டியின் பைண்டிங் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாள். அச்சாகி வரும் தாள்களைப் பதினாறு பதினாறு பக்கமாக மடிப்பார்கள். ஒரு மடிப்புக்குப் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம்.

“எம்மா, இது நீ அடுக்குனதா?”

மாரித்தாய் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். “நாந்தாம்ட்டி. ஏன், தையல் விட்டுருச்சா?”

“தையல் இருக்கு. கதைதான் விட்டுருச்சு. செத்தவ பெறகு வயசுக்கு வாரா.”

“எனக்கென்ன எழுத்தா தெரியும்? எப்பவும் அடியில பொடி நம்பர் இருக்கும், அதப் பாத்து அடுக்குவோம். இதுல ஒண்ணையும் காணோம். கேட்டா, வாழ்க்கைக்கு நம்பர் உண்டான்னு சொல்லி தீப்பெட்டி மொதலாளி எல்லாத்தையும் அடிச்சுட்டாவளாம். பிரஸ்காரன் சொன்னான்.”

“பெறகு எப்பிடித்தான் அடுக்குன?”

“பேரு போட்டது மொதல்ல, அவிய படம் போட்டது கடைசியில. நடுவுல உள்ளத மை பாத்து வச்சேன். நல்லா கருப்பா விழுந்தது முன்னால, வெளுத்தது பின்னால. பாக்க லச்சணமா இருக்கட்டும்னு.”

செல்வி தலையில் கை வைத்தாள். அம்மாவின் முகம் மாறியது. “ஏட்டி, நீ பாட்டுக்கு மேடையில சொல்லிராத. உக்கிரபாண்டி அண்ணாச்சிக்கு வார வேலை பூராவும் அந்த மொதலாளி குடுக்குறது. தெரிஞ்சா நாளைக்கே என்னய வீட்டுல இருன்னுருவாரு.”

மூன்று நாள் செல்வி நாக்கைக் கட்டிப்போட்டாள். திட்டினால் முதல் குறையே அந்த வரிசைதான். அதைச் சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் செத்தவளுக்கு வைத்தியர் தாலி கட்டியதைப் புகழ வேண்டும். அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஞாயிறு காலை லாட்ஜ் மாடியில் கூட்டம். மகளின் வாயைக் காவல் காக்க மாரித்தாய் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். முதல் விமர்சனம் பேங்க் ஆபீஸர் டேவிட்சன்.

“காலத்தைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டிருக்கார் அண்ணாச்சி. உயிர் இல்லைன்னு சொன்ன வைத்தியரே தாலி கட்டுதார். இந்திய நாவல்ல எவன் எழுதியிருக்கான் இப்படி? கதை கருமையில தொடங்குது, போகப்போக வெளுக்குது.”

கடைசி வரிசையில் மாரித்தாய் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

பூவனநாதன் அதுவரை தன் புத்தகத்தில் அட்டையையும் கடைசிப் பக்கத்துப் படத்தையும் மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது அவசரமாகப் புரட்டினார். வைத்தியர் வந்த இடத்தில் விரல் நின்றது. முகம் கறுத்தது. கூட்டத்துக்குள் உக்கிரபாண்டியைத் தேடிக் கண்ணால் எரித்தார். உக்கிரபாண்டி செருப்பைத் தேட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மாடியே அதிரக் கைதட்டல். பூவனநாதன் மெதுவாகப் புத்தகத்தை மூடிவிட்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“அந்த வரிசை தற்செயலா வந்ததில்ல. ஏழு வருசம் யோசிச்சு அடுக்குனது.”

உக்கிரபாண்டி மறுபடி உட்கார்ந்தார். செல்வி எழுந்தாள்.

“வரிசை தாமே யோசிச்சு வச்சதுன்னு அண்ணாச்சியே சொல்லிட்டாவ. நீங்கள்லாம் சாட்சி. இனி நான் பயப்படாமப் பேசலாம். இந்தச் செவ்வந்தி தீப்பெட்டி ஆபீஸ்ல விடிஞ்சதுலேருந்து பொழுது அடையுற வரைக்கும் வேலை பாக்குதா. ஒரு தடவகூட முதுகு வலிக்கல, இருமல் வரல, ஒண்ணுக்குப் போகல. முதலாளி மகன் பாத்தா மல்லிகை வாசம் அடிக்குதாம். அங்கன கந்தக மருந்து வாசம்தான் அடிக்கும் அண்ணாச்சி, உங்க ஆபீஸ்தானே, ஒருநாள் உள்ள வந்து மோந்து பாருங்க. முன்னாலேருந்து வாசிச்சாலும் பின்னாலேருந்து வாசிச்சாலும் அவ அழுதுகிட்டேதான் இருக்கா. அதனாலதான் எந்தப் பக்கத்தை எங்கன வச்சாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியல.”

செல்வி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“இதுல லச்சணமா செஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணுதான். அந்த அடுக்கு. அத அடுக்குன கைக்கு மட்டும் எல்லாரும் நல்லாத் தட்டுங்க.”

தட்டினார்கள். அடி விழுந்ததா, மாலை விழுந்ததா என்று புரியாமல் பூவனநாதன் எழுந்து கும்பிட்டார். கடைசி வரிசையில் மாரித்தாய் பசை காய்ந்த தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கீழே காராச்சேவுப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் பூவனநாதன் உக்கிரபாண்டியைத் தனியே இழுத்தார். “ரெண்டாம் பதிப்பும் உம்மகிட்டதான்வே. இத அடுக்குன ஆளே அடுக்கணும். ஆள மாத்துனீரு, பாத்துக்கிடும்.”

வீட்டுக்குப் போகிற வழியில் மாரித்தாய்க்குப் புதுக் கவலை.

“ஏட்டி, அடுத்த தடவ மை ஒரே மாதிரி விழுந்துட்டா என்ன செய்ய?”

“கையில எது மொத வருதோ அத வையி,” என்றாள் செல்வி. “டேவிட்சன் சார் விளக்கம் சொல்லிருவாரு.”