எண்ணிக்கை வெள்ளி

"கையெழுத்தப் போட்டுத் தொலையேன், அக்கா. பொண்ணு பேரு கெடாம இருந்தாப் போதும்," என்றாள் தங்கை டெலோரிஸ்.

வெர்னிதா பேனாவைத் தொடவில்லை. 'என் சொந்த விருப்பத்தின்பேரில் என் மகள் ஜாரியாவைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்' என்று அச்சடித்த தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் 'நீக்கப்பட்டாள்' என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம். எட்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டு வழி காட்டியிருந்தார்கள். இரண்டும் வாசலுக்கு வெளியேதான் போயின.

அவள் செய்த குற்றம், எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமெடுத்தது.

போன வசந்தத்தில் வவுச்சர் வந்தபோது, மில்வாக்கியில் நகரப் பேருந்து ஓட்டும் வெர்னிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அரசாங்கமே கட்டணம் கட்டும், எந்தத் தனியார் பள்ளியிலும் சேர்க்கலாம் என்றார்கள். "பணக்காரன் புள்ளைதான் கோட்டு போட்டுட்டுப் போகணுமா?" என்று கேட்டுக்கொண்டு, தெருவில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தாள். ஆறு வீடுகள் அவளை நம்பின.

செப்டம்பரின் மூன்றாம் வெள்ளிக்கிழமை பள்ளிகளில் தலைகளை எண்ணுவார்கள். அதை வைத்துத்தான் அடுத்த எண்ணிக்கை வரை அரசுப் பணம் வரும். முந்தின நாள் தனியார் பள்ளியின் முதல்வரம்மாவே போன் செய்தார்: "காய்ச்சல்னாலும் பரவால்ல, ஒரு மணி நேரம் உக்கார வச்சிட்டுக் கூட்டிட்டுப் போயிடுங்க. பீட்சாகூட உண்டு." ஜாரியாவுக்கு நிஜமாகவே காய்ச்சல். போய் உட்கார்ந்தாள். அடுத்த செவ்வாய் அதே முதல்வரம்மா, "எங்க பள்ளிக்கூடம் அவளுக்குத் தோதுப்படாது," என்றார். தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு என்று சொன்னவர்கள், அதைப் பள்ளியின் கையில் கொடுத்திருந்தார்கள்.

"என்ன யோசிக்கிற?"

"என் விருப்பம்னு நான் எப்படி எழுதுவேன், டெலோ?"

பேனாவை எடுத்து 'என் சொந்த' என்ற சொற்களை அடித்தாள். மேலே 'பள்ளியின்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டெலோரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகளைப் பழைய அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். அலுவலகத்தில் எழுத்தர் மிஸஸ் விட்டெக் தேர்வு வைக்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. வந்த பிள்ளையைத் திருப்பியனுப்ப அந்தப் பள்ளிக்கு வழியும் இல்லை.

"வாடி ஜாரியா. சாப்பிட்டியா? உள்ள ஓட்ஸ் இருக்கு."

"மிஸ் பெட்டிஃபோர்ட்கிட்ட போகட்டா?" என்று கேட்டாள் ஜாரியா. படிக்கத் தடுமாறும் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மிஸஸ் விட்டெக்கின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "நீ போய்ச் சாப்பிடு, கண்ணு," என்று அவளை அனுப்பிவிட்டு வெர்னிதாவிடம் திரும்பினார். "அவங்கள வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை எண்ணும்போது தலை குறைஞ்சுபோச்சு."

"எத்தன பேரு?"

"ஒம்பது. உங்க தெருவுலயே ஏழு பேரு."

அந்த ஆறு வீடுகளின் கதவு எண்கள் வெர்னிதாவுக்கு மனப்பாடம். ஏழாவது அவள் வீடு.

"இப்ப இவதான் வந்துட்டாளே. அவங்களத் திருப்பிக் கூப்பிட முடியாதா?"

"இனி ஜனவரிலதான் எண்ணுவாங்க."

"அதுவரைக்கும் எம்பொண்ணுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?"

மிஸஸ் விட்டெக் சேர்க்கைப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கடைசி வரியில் ஒரு கேள்வி: 'படிப்பில் தனி உதவி தேவையா?'

"ஆமான்னு போடுங்க," என்றார் மிஸஸ் விட்டெக்.

"போட்டா ஆள் வருவாங்களா?"

"வர மாட்டாங்க. இல்லன்னு போட்டா, யாருமே கேக்கலன்னு சொல்லுவாங்க."

வெர்னிதா 'ஆம்' என்று எழுதினாள். பிறகு இன்னும் ஆறு படிவங்கள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.