பொறி வைத்த குட்டை

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். ஏதாவது முன்பின்னாக இருந்தால் அது என் தவறு.

எங்கள் குட்டையில் மிஞ்சும் தண்ணீர், மண்கரைக்குள் பதித்த ஒரு குழாய் வழியாகத்தான் வெளியேறும். செப்டம்பரில் இரண்டு பீவர்கள், தண்ணீரில் வாழும் பெரிய எலி மாதிரியான பிராணிகள், வந்து சேர்ந்தன. இரவில் மரங்களைக் கடித்துச் சாய்த்து, குச்சியும் சேறுமாகக் குழாயின் வாயை அடைத்துவிடும். அப்பா தினமும் காலையில் போய் அதைப் பிடுங்கிப் போடுவார். மழைநாளில் தவறவிட்டால் தண்ணீர் வழிந்து கரையையே அறுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் மாடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்த பிறகு, மேட்டுக் காட்டிலிருந்து மாடுகளை ஓட்டி வருவது பெக் என்கிற எங்கள் நாய்தான். "பெக் இருக்கிற வரைக்கும்தான் நான் மாட்டுக்காரன்" என்பார் அப்பா.

பக்கத்துப் பண்ணை லைல் வந்து, பீவர்கள் நீந்தும் தடத்தில் இரும்புப் பொறியை இறக்கினார்.

"யோவ் ஹார்லன், பொறி ஒரு முழத் தண்ணிக்குள்ள இருக்கு. மேல கட்டை கிடக்கு பாரு, பீவர் அதுக்கு அடியில முங்கிப் போகும், மாட்டிக்கும். உன் நாய் கட்டையைத் தாண்டிப் போயிடும். தண்ணி மட்டும் இறங்கக் கூடாது. மழை இல்ல, ரெண்டு நாளைக்குக் குழாயைத் தொடாத."

"எனக்கே பாடமா?" என்றார் அப்பா. "பொறி வைக்க உங்கப்பனுக்குக் கத்துக்குடுத்ததே எங்கப்பன்தான்டா."

"அதான் எங்கப்பன் பிடிச்சதெல்லாம் ஆமை!"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது அப்பா வாசல் கேட்டில் நின்று சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். பெக் வரவில்லை. இருவரும் தேடிப் போனோம்.

கட்டை சேற்றில் கிடந்தது. பொறியின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. பெக்கின் கழுத்து அதற்குள் இருந்தது. உடம்பு விறைத்திருந்தது. அப்படியும் அப்பா முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் பொறியின் ஸ்பிரிங்கை அழுத்தினார், நானும் அழுத்தினேன். அசையவில்லை. லைல் வந்துதான் கயிறு கட்டி, காலால் மிதித்துத் திறந்தார்.

கரையில் புதிதாய் வெளிப்பட்ட ஈரச்சேற்றை லைல் பார்த்தார். பிறகு திறந்து ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார்.

"என் தப்புதான், ஹார்லன். ஆழம் பத்தல."

"பொய் சொல்லாத லைல். காலையில நான்தான் பிடுங்கினேன். காப்பியைக் குடிச்சேன், மண்வாரியை எடுத்தேன், போனேன். கை தானாப் போயிடுச்சுடா."

லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பெக்கைப் புதைத்துவிட்டு மேட்டுக்கு நான் போனேன். சீட்டி அடித்தேன், கையைத் தட்டினேன். மாடுகள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டன. வெறுங்கையோடு இறங்கினேன்.

"விடு, நெட்டி. லைல் தன் நாயைக் கொண்டாந்து மாட்டை இறக்கட்டும். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சந்தைக்கு ஏத்திடலாம்."

"நான் பழகிக்கறேன்ப்பா."

"நீ ராத்திரி வகுப்பை முடி."

காலையில் குழாய் மறுபடி அடைத்திருந்தது. நான் மண்வாரியை எடுத்தேன். சமையலறை மேசையிலிருந்து அப்பா தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கும்மா அந்தத் தண்ணி?" என்றார்.