கால் லெட்டர்

ஸ்டேஷன் மேனேஜர் ஒரு தாளைத் திருப்பி கமருன்னிசாவின் முன்னால் வைத்தார். சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்து. அந்தக் கட்டத்துக்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்தது. மேலேயும் கீழேயும் மற்ற நிகழ்ச்சிகளுக்கு ஏதேதோ எண்கள். அவள் நடத்துகிற தமிழ் நேரத்துக்கு மட்டும் பூஜ்யம்.

நியூ ஜெர்சியின் அந்தச் சின்ன ரேடியோ ஸ்டேஷனை புத்தாண்டுக்கு முன்னால் ஒரு புதுக் கம்பெனி வாங்கியிருந்தது. மேனேஜர் பொறுமையாக விளக்கினார். சர்வே எடுக்கிறவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளுக்கு ஒரு டைரி அனுப்புவார்கள். ஒரு வாரம் எந்த ஸ்டேஷனை எப்போது கேட்டோம் என்று அதில் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். ஸ்டேஷனுக்கு அரசாங்கம் கொடுத்த நான்கு எழுத்துதான் அதன் பெயர். எழுதினால் அந்த ஸ்டேஷனைக் கேட்டதாகக் கணக்கு, எழுதாவிட்டால் இல்லை. தமிழ் நேரத்தில் நம் நான்கு எழுத்தை எழுதின டைரி ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவள் எழுந்து வரும்போது, "ஒரே ஒரு டைரியை அவர்கள் தவற விட்டிருந்தாலும் சொல், நானே சண்டை போடுகிறேன்" என்றார்.

ஒரு டைரி இருந்தது. அது கமருன்னிசாவுக்குத் தெரியும். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வாராவாரம் போன் பண்ணுகிற வசந்தாமணி, அக்டோபரில் சொல்லியிருந்தாள்: "அக்கா, ரேடியோக்காரங்க எனக்கு டைரி அனுப்பியிருக்காங்க, உங்களத்தான் எழுதப்போறனுங்க."

வீட்டில் சொன்னதும் கணவர் ஹாஜா நஜ்முதீன் பேப்பரை இறக்காமலேயே கேட்டார். "உன் ரேடியோவ கேக்கறது நான் ஒருத்தன்தானே. நானும் பாதில தூங்கிடறேன். பூஜ்யம்தானே வரும்?" எப்போதும் சொல்கிற கேலிதான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், பேப்பரை மடித்து வைத்தார். பிள்ளைகள் ஷாரிக்கும் தஹ்ஸீனும் அவள் தமிழில் ஒன்று ஆரம்பித்தால் பாதியிலேயே புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். நல்ல பிள்ளைகள், புத்திசாலிகள். ஆனால் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை சொல்ல அவளுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வசந்தாமணியின் அபார்ட்மென்ட் கதவைத் தட்டினாள். இடுப்பில் குழந்தையோடு திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முகத்தைப் பார்த்து விழித்தாள். "நான் கமரு" என்றதும் குரலை அடையாளம் கண்டு கதவை அகலத் திறந்தாள்.

"ரேடியோல கேக்கறப்ப ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க்கா."

"கொரலுக்கு ஏதும்மா ஒயரம்."

காபி வந்தது, முறுக்கு வந்தது, குழந்தை கயல் முறுக்கை வாங்கிக்கொண்டு சோபாவின் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. சுற்றிவளைக்க கமருன்னிசாவால் முடியவில்லை.

"டைரி வந்துச்சுன்னியே, அனுப்பிச்சியாம்மா?"

"அந்த வாரமே போட்டனுங்க. ஸெராக்ஸ்கூட இருக்குது. இந்த ஊர்ல எதை அனுப்பினாலும் ஒரு காப்பி வெச்சுக்கோணும்னு விசாக்காரன் நம்மளப் பழக்கிவிட்டுட்டானில்ல."

பாஸ்போர்ட் காப்பிகளோடு ஒரே பையில் அது பத்திரமாக இருந்தது. கமருன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சனிக்கிழமைப் பக்கம். ஒன்பது முதல் பத்து. வீட்டில் கேட்டேன் என்ற கட்டத்தில் அழுத்தமான டிக். பக்கத்துக் கட்டத்தின் தலைப்பு, கால் லெட்டர்ஸ், அதாவது ஸ்டேஷனின் நான்கு எழுத்து. அதன் கீழே, பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில், 'இன்னும் வரவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மற்றப் பக்கங்களைப் புரட்டினாள். ரேடியோ கேட்காத ஆறு நாளிலும் அந்தக் கட்டத்தில் அதுவே எழுதியிருந்தது.

"இது என்னம்மா?"

"கால் லெட்டருங்க. ஈரோட்டுல பேங்க் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தேன். வேலைக்குக் கூப்பிடற லெட்டர் வர்றதுக்குள்ள கல்யாணமாயி வந்துட்டனுங்க. இங்க டிபென்டன்ட் விசாவுல வேலைக்கே போகக்கூடாது, அப்பறம் எங்கிருந்து வரும்? டைரில கடைசில வேலைக்குப் போறீங்களான்னு வேற கேட்டிருந்தாங்க. அதான், உள்ளதைச் சொல்லிப்போட்டேன்." அவள் சிரித்தாள். "இவருகூடச் சிரிச்சாரு. ரேடியோக்காரனுக்கு எதுக்கு உன் கால் லெட்டருன்னு. கேக்கறான், சொல்லித்தான ஆகோணும்னேன்."

கமருன்னிசா தாளைப் பிடித்தபடியே இருந்தாள். ஸ்டேஷனின் எழுத்தை மணிக்கு ஒருமுறை சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆறு வருஷமாக அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், தமிழுக்கு நடுவே இந்த டபிள்யூவும் இசட்டும் எதற்கு என்று, கசப்பு மருந்தை விழுங்குகிற வேகத்தில். அது என்னவென்று ஒரு தடவைகூட யாருக்கும் சொன்னதில்லை.

"கடைசிப் பக்கம் பாருங்க்கா" என்றாள் வசந்தாமணி.

கருத்துச் சொல்ல விட்டிருந்த இடத்தில் தமிழில் பொடிப்பொடியாக எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, மேலே போய் முடிந்திருந்தது. கமரக்கா பேசும்போது குழந்தைகூட அழாது. கமரக்கா போன வாரம் மீன்குழம்பு பற்றிச் சொன்னார், நாங்கள் சைவம், ஆனாலும் கேட்டேன். கமரக்காவுக்குச் சளி பிடித்திருக்கிறது, மருந்து சாப்பிடச் சொல்லவும்.

இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மேனேஜர் இதை வைத்துக்கொண்டு யாரோடு, என்னவென்று சண்டை போடுவார்?

"செரியா எழுதியிருக்கனுங்களா? தப்பு ஏதும் இல்லியே?"

"கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கே. தப்பில்லம்மா."

நிகழ்ச்சி நின்றுபோகிறது என்று சொல்லத்தான் கமருன்னிசா வாயெடுத்தாள். அதற்குள் வசந்தாமணி நாட்காட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டாள்.

"மார்ச்சு இருவதுல கயலுக்கு ரெண்டு முடியுது. நல்ல வேளைக்குச் சனிக்கிழமை. உங்க வாயால பேரு சொல்லி வாழ்த்தோணுங்க. ஊருக்கு டேப்பு பண்ணி அனுப்பலாம்னு, வெறும் கேசட்டுகூட வாங்கி வெச்சுட்டேன்."

கமருன்னிசா கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். மார்ச் 20 என்று எழுதினாள்.

"முழுப்பேரு சொல்லும்மா."

வசந்தாமணி சொன்னாள். தாத்தா பெயர், அப்பத்தா பெயர், பெரியப்பா வீட்டார், அத்தை பெயர்கள். யாரையாவது விட்டுவிட்டால் வருத்தப்படுவார்கள் என்று யோசித்து யோசித்துச் சொன்னாள். கமருன்னிசா ஒரு பெயரையும் விடாமல் எழுதினாள். பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது.

கீழே வந்து காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இரண்டாம் மாடி ஜன்னலில் வசந்தாமணி குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் எதையோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்ததால் எதுவும் கேட்கவில்லை. கார் கிளம்பும்வரை அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள் போலிருந்தது. கமருன்னிசா கையைத் தூக்கி ஆட்டினாள். சாவியைத் திருப்பவில்லை. குழந்தையின் கை சோர்ந்து சோர்ந்து விழ, வசந்தாமணி மறுபடி மறுபடி அதைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.